நாற்பத்து நாலாம் நம்பரின் துத்தநாகம்

விளக்கு சூடேற அரை மணி நேரம் வேண்டும். அதற்கு முன்னால் அந்த மெஷினிடம் எதைக் கேட்டாலும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும் என்பது ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பிரம்மசக்திக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்கிறதா. பதினொன்று ஐந்துக்கு விளக்கைப் போட்டாள், பதினொன்று ஏழுக்கு ஒரு தடவை பார்த்தாள், பதினொன்று எட்டுக்கு இன்னொரு தடவை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். புதன்கிழமை. அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று மைனி, அதாவது புருஷனுடைய அக்கா பேச்சித்தாய், காலையிலேயே பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்துவிட்டாள். இரண்டு மாடி மேலே, ஆண்கள் வார்டில் பதினேழாம் கட்டிலில், டெங்குக் காய்ச்சலோடு ஐந்து நாள் கிடந்த புருஷன் சுடலைமணிக்கு விடிகாலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. விட்டுவிட்டது. இந்தச் சொல்லைக் காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். நூற்று மூன்றும் நூற்று நாலுமாகக் கொதித்த உடம்பு. விட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், மைனி பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போடுவதாக நேர்ந்தும் ஆயிற்று, இவளுக்கு மட்டும் ஏன் மனசு ஆறவில்லை. டாக்டர் ரெஹானா சொன்னதுதான். டெங்குவில் காய்ச்சல் அடிக்கிற நாளைக்கூட நம்பலாம், காய்ச்சல் விடுகிற நாளை நம்பக் கூடாது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான், இன்னும் ஒருநாள் இருக்கட்டும். ஒருநாள்தான் கேட்டார். அந்த ஒருநாளைத்தான் இவள் காலை எட்டு மணிக்கு ஒரு கையெழுத்தைப் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மருத்துவர் ஆலோசனையை மீறி எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம். கீழே, மனைவி. பேனாகூட அவளுடையதுதான்.

ஏன் போட்டாள் என்றால் பேச்சித்தாயின் வாய்க்குப் பயந்து என்றுதான் தெருவில் சொல்லுவார்கள். அந்த வாய்க்குப் பயப்படாதவர்கள் தெருவில் இரண்டே பேர், ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் பேச்சித்தாயே. ஆனால் பிரம்மசக்தி பயந்து போடவில்லை. ஒரு எண்ணை நம்பிப் போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு. நேற்றுச் சாயங்காலம், இதே மெஷின், இதே ஸ்டூல், திரையில் நாற்பத்து நாலாம் நம்பருக்கு நேரே பச்சை எழுத்தில் வந்து நின்ற நூற்றுப் பன்னிரண்டு. ரத்தத்தில் துத்தநாகம். டாக்டர் ரெஹானா ஒன்றரை வருஷமாக நடத்தும் ஆராய்ச்சி அது. டெங்கு வந்தவர்கள் ரத்தத்தில் துத்தநாகமும் தாமிரமும் இரும்பும் என்ன பாடுபடுகின்றன என்று பார்ப்பது. ஒரு டம்ளர் ரத்தத்திலுள்ள துத்தநாகத்தையெல்லாம் திரட்டினாலும் கடுகில் பத்தில் ஒரு பங்கு தேறாது, அந்தத் துளிக்குத்தான் இத்தனை பெரிய மெஷின், விளக்கு, நெருப்பு, சிலிண்டர். குப்பிகளில் பெயர் கிடையாது, நம்பர்தான். யாருடைய ரத்தம் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பார் டாக்டர். ஆனால் நாற்பத்து நாலைக் குத்தி எடுத்ததே இவள்தான். திங்கட்கிழமை சாயங்காலம், மற்றவர்கள் எடுத்தால் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்துவார்கள், தன் புருஷனுக்கு வலிக்கும் என்று, தானே எடுத்தாள். மீதி நாற்பத்து மூன்று பேரும் நோட்டில் வரிசையாக இருக்கிறார்கள். அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தேழு. காய்ச்சல் வந்தால் தாமிரம் ஏறும், துத்தநாகம் இறங்கும், எல்லோருக்கும் இறங்கியிருந்தது, அதில் ஐம்பதுக்குக் கீழே போன ஏழு பேருக்கும் நிலைமை மோசமானது. ஏழுக்கு ஏழு. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது சக்தி, இது கேள்விதான், பதில் கிடையாது, இதைப் பார்த்து ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். சொல்லலாம். அவருடைய புருஷன் பதினேழாம் கட்டிலில் கிடக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நம்பரை நினைக்கக் கூடாது. கூடாது என்ற உடனேயே இருபத்தொன்பது வந்துவிட்டாள், உள்ளங்கையில் பாதி அழிந்த மருதாணியோடு, அக்கா மெதுவா குத்துங்க என்ற அந்தக் குரலோடு. பத்தொன்பது வயசு இருக்கும். துத்தநாகம் நாற்பத்தொன்று. காய்ச்சல் விட்ட அன்றைக்குக் காலையில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாளாம், அவள் அப்பா வாங்கப் போனாராம், பொட்டலத்தோடு அவர் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அந்த மனுஷன் அந்தப் பொட்டலத்தை என்ன செய்தார் என்று பிரம்மசக்திக்குத் தெரியாது. தெரியாததனாலேயே அது போகவில்லை, எட்டு மாசமாகப் போகவில்லை, ஹோட்டலில் யாராவது இட்லி கட்டச் சொன்னால் போதும். நாற்பத்தொன்று எங்கே, நூற்றுப் பன்னிரண்டு எங்கே. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவருக்கு ஒன்றும் ஆகாது. பதினொன்று பதினாறு. அவருக்கு ஒன்றும் ஆகாது என்றால் நீ எதற்கு இங்கே விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், போய்க் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டியதுதானே. வேலை அம்மா, வேலை. ஒவ்வொரு குப்பியையும் இரண்டு நாள், இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பது சட்டம், இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். நாற்பத்து நாலின் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது, எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். மறுபடியும் நூற்றுப் பன்னிரண்டு வரட்டும். ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், நிம்மதியாக வாசலுக்குப் போய்க் கை காட்டி அனுப்பிவிடலாம். மத்தியானம் அரை நாள் லீவும் சொல்லியாயிற்று.

ஆனால் எண்பத்தெட்டு. எண்பத்தெட்டுதான் நேற்று ராத்திரி சோற்றில் கல் மாதிரி இடறியது. ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும், அதற்கு யாரைத் தேடுவது என்று பிரம்மசக்தி தன் கையையே குத்தி எடுத்துவிடுவாள். அவளுக்கு எண்பத்தெட்டு. நல்லபடியாகத் தின்று, நடந்து, பேச்சித்தாயோடு சண்டை போடுகிற ஒரு மனுஷிக்கு எண்பத்தெட்டு. ஐந்து நாள் கஞ்சித்தண்ணீரில் கிடக்கிற மனுஷனுக்கு நூற்றுப் பன்னிரண்டா. நாற்பத்து மூன்று பேருக்கும் இறங்கியது ஒருவருக்கு மட்டும் ஏறுமா. தாமிரம் மட்டும் மற்றவர்கள் மாதிரியே ஏறியிருக்கிறது, இரும்பு மற்றவர்கள் மாதிரியே இறங்கியிருக்கிறது, துத்தநாகம் மட்டும் தனி வழியில் போகுமா. நேற்று இந்தக் கேள்வி வந்தபோது அவளே ஒரு பதிலும் கண்டுபிடித்தாள், அதை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. ரப்பர். சுடலைமணி பழைய டயருக்குப் புதுசாக ரப்பர் ஒட்டிக் கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறார். டயர் ரப்பரில் துத்தநாகம் உண்டு. பதினைந்து வருஷமாக அந்தத் தூசியிலேயே கிடக்கிறார், கை, தலை, தலையணை உறை எல்லாம் ரப்பர் வாசம், உடம்பில் ஊறாமல் இருக்குமா, அதுதான் இறங்கின பிறகும் இத்தனை நிற்கிறது. என்ன அருமையான பதில். வேறு எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அதே டயர்தானே அவரைக் கடிக்கவும் ஆள் வளர்த்தது. வெளியே அடுக்கி வைத்த டயருக்குள் மழைத்தண்ணீர் நிற்கிறது, கவிழ்த்து வைங்க, கொசு முட்டை போடுது என்று ஐப்பசி முழுக்கச் சொன்னாள். நாளைக்கு வைக்கேன் பிள்ள என்றார். நாளைக்கு, நாளைக்கு. டெங்கு ஆராய்ச்சி செய்கிற வீட்டுக்கே டெங்கு வந்ததை ஆஸ்பத்திரி கேன்டீனில் தமாஷாகச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அவர் எழுந்து நடந்தால் அந்த டயரையெல்லாம் இவளே போய்க் கவிழ்ப்பாள்.

ரப்பர் இல்லையென்றால் வேறென்ன. பதினொன்று இருபத்தைந்து. குப்பியின் மூடியா. சாதாரணக் குப்பியின் ரப்பர் மூடியில் துத்தநாகம் உண்டு, ரத்தத்தில் கரைந்து எண்ணை ஏற்றிவிடும், அதற்காகத்தான் கருநீல மூடி போட்ட தனிக் குப்பி. கருநீல மூடியில்தான் எடுத்தாள், இதோ கண்முன்னால் இருக்கிறது. ரத்தம் உடைந்துபோயிருந்ததா. சிவப்பணு உடைந்தாலும் உள்ளே இருக்கிற துத்தநாகம் வெளியே கொட்டும். இல்லை, தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் சுத்தமாக இருந்தது, இளஞ்சிவப்புக்கூட இல்லை. ஊசியா, ஊசி புதுசு. கையுறையா, பவுடர் போடாத கையுறைதான் வாங்குகிறார்கள், அதற்கே டாக்டர் நிர்வாகத்தோடு இரண்டு மாசம் மல்லுக்கு நின்றார். எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. நெற்றி வியர்வையைத் தோள்பக்கச் சேலையில் ஒற்றினாள். அதில் அவருடைய வாசம், ரப்பர் வாசம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட வேறொரு வாசம், கற்பூரமும் சந்தனமும் கலந்த மாதிரி, குளுமையாக. பத்தரை மணிக்கு மேலே போனபோது அவரை உட்கார்த்தி வைத்துச் சட்டை மாட்டுவதற்கு முன் தோளோடு சாய்த்துக்கொண்டாளே, அப்போது ஒட்டியது. சாய்ந்தபோது அவர் கனமாக இருந்தார். ஐந்து நாள் பட்டினி கிடந்தவர் எதற்கு அத்தனை கனமாக இருந்தார். பேசவும் இல்லை. வீட்டுக்குப் போவோமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். களைப்பு, வேறென்ன. விளக்கின் அளவுகோல் நிலையாக நின்றது. நெருப்பைப் பற்றவைத்தாள். நீலமாக, ஒரு சீறலோடு, சாண் நீளத்துக்கு எழுந்தது.

முதலில் வெறும் தண்ணீர். அதற்குப் பூஜ்யம் காட்டினால்தான் மெஷினை நம்பலாம். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மெல்லிய குழாயை விட்டாள், உறிஞ்சியது, பூஜ்யம். இன்னொரு தடவை, பூஜ்யம். நல்ல பிள்ளை. மூன்றாவது கிண்ணத்தை எடுக்கும்போது போன் அடித்தது, மைனி. வலது கை உறையை உருவிப் போட்டுவிட்டு எடுத்தாள். "என்னட்டி, கீழ உக்காந்து என்னத்தப் பொங்கிக்கிட்டு இருக்க. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. பன்னெண்டுக்கு முன்ன வாசலத் தாண்டணும், கேட்டியா." பிரம்மசக்தி கேட்டாள், "எப்படி இருக்காங்க மைனி." "அவனுக்கென்ன. காய்ச்ச இருந்த இடம் தெரியல. கையத் தொட்டுப் பாத்தேன், காலத் தொட்டுப் பாத்தேன், பச்சத்தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்கு." "சாப்பிட்டாங்களா." "ரெண்டு வாய் கஞ்சி குடுத்தேன், வாந்தி எடுத்துட்டான். வயிறு வலிக்குங்கான். அஞ்சு நாளா வெறும் வயிறு, வலிக்காம என்ன செய்யும். இப்பம் தூக்கக் கலக்கமா உக்காந்திருக்கான். வீட்டுல போயி ஒரு ரசஞ்சோறு உள்ள போனா எல்லாஞ் சரியாயிரும். நீ வா." சரி மைனி, பத்து நிமிஷம் என்றாள். வைத்தாள். பச்சைத்தண்ணி மாதிரி. நல்லதுதானே, கொதித்த உடம்பு குளிர்ந்தால் நல்லதுதானே. கை குளிர்ந்திருக்கிறது, கால் குளிர்ந்திருக்கிறது, வயிறு வலிக்கிறது, வாந்தி, கலக்கம். டாக்டர் ரெஹானா நர்சுகளுக்கு வகுப்பு எடுக்கும்போது ஆபத்து அறிகுறிகளை விரல் விட்டு எண்ணுவாரே, அந்த விரல்கள். இல்லை, நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு உள்ள ஒருவருக்கு அப்படி ஆகாது. கிண்ணத்தின் விளிம்பை இரண்டு விரலால் எடுத்து, தண்ணீர் ஊற்றி, குழாயை விட்டாள். மெஷின் ஐம்பத்தாறு என்றது.

வெறும் தண்ணீரில் ஐம்பத்தாறு. தண்ணீர் கெட்டுவிட்டதா. அதே கேனிலிருந்து இன்னொரு கிண்ணம், இந்தத் தடவை இடது கையால் எடுத்தாள், அதில் உறை இருந்தது. பூஜ்யம். மறுபடியும் வலது கையால் ஒன்று. எழுபத்து மூன்று. அவள் கையை மூக்கருகே கொண்டுபோனாள். கற்பூரமும் சந்தனமும். குளுமையாக. அதுவரை சுற்றிச் சுற்றி வந்த மனசு அப்படியே நின்றது, நின்ற இடத்தில் பதினேழாம் கட்டிலின் ரெக்ஸின் மெத்தை இருந்தது. அந்த மெத்தையில் வியர்த்துக் கிடந்ததில் அவருக்கு முதுகெல்லாம், முழங்கை மடிப்பெல்லாம் வேர்க்குரு. அரிக்குது பிள்ள, அரிக்குது பிள்ள என்று அவர் நெளிந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் இவள்தான் கடையில் போய் வேர்க்குரு பவுடர் வாங்கி வந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம். முதுகில் கொட்டித் தடவி, கையில் கொட்டித் தடவி, முழங்கை மடிப்பில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தடவி, அவர் கண்ணை மூடிக்கொண்டு அப்பாடா என்று சொன்ன அந்த நல்ல நேரத்திலேயே, ரத்தமும் எடுத்துவிடுவோம் என்று, அதே மடிப்பில், ஒரே ஒரு தடவை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை இறக்கினாள். பவுடர் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருக்கும், துத்தநாக ஆக்ஸைடு. நர்ஸ் பிள்ளைகளுக்கு இவளே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள், முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, பவுடர், களிம்பு எதுவும் இருக்கக் கூடாது என்று. நாற்பத்து மூன்று பேருக்கும் கழுவினாள். நாற்பத்து நாலுக்கு மட்டும் தடவினாள். இன்றைக்குப் பத்தரை மணிக்கும் தடவிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கழுவாமல் உறையை மாட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு அவருடைய ரத்தத்தில் இருந்ததே இல்லை. அது டப்பாவில் இருந்தது. அவருடையது எவ்வளவு, அறுபதா, நாற்பத்தொன்றா, யாருக்கும் தெரியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த மிச்சத்தை ஓட்டியிருந்தாலும் நூற்றுப் பன்னிரண்டுதான் வந்திருக்கும், பொய் இரண்டாம் தடவையும் அச்சுப் பிசகாமல் அதே பொய்யைச் சொல்லியிருக்கும், இவள் நிம்மதியாக வாசலில் நின்று கை காட்டியிருப்பாள்.

நெருப்பை அணைத்தாள், அது கைப்பழக்கம். போனை எடுத்து மைனிக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது, பைக்குள் போட்டிருப்பாள், பை நிறையத் துணி. பதினொன்று நாற்பத்தாறு. லிஃப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றது, படியில் ஏறினாள். எதற்காக அந்த எண்ணை நம்பினாய். நம்ப ஆசைப்பட்டாய், அதனால் நம்பினாய். டாக்டர் வாயால் சொன்னதை விட்டுவிட்டு உன் ஆசையை மெஷின் வாயால் கேட்டுக்கொண்டாய். மற்றவர்கள் தெரியாமல் தப்பு செய்வார்கள், உன்னை மாதிரி எல்லாம் தெரிந்து யார் செய்வார்கள். முதல் மாடி. மூச்சு வாங்கியது. வேறு யாராக இருந்தாலும் எண்பத்தெட்டுக்குப் பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்த உடனே குப்பியைத் தூக்கிப் போட்டிருப்பாய் அல்லவா, மறுபடி எடு என்று சத்தம் போட்டிருப்பாய் அல்லவா. இரண்டாம் மாடி. வார்டுக்குள் போனாள். பதினேழாம் கட்டில் காலியாக இருந்தது, விரிப்பைக்கூட எடுத்துவிட்டார்கள், பச்சை ரெக்ஸினில் முதுகு படிந்த இடத்தில் வெள்ளையாகப் பவுடர். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, திரை போட்ட இன்னொரு கட்டில் தெரிந்தது. ஜெசிந்தா சிஸ்டர் மேஜையிலிருந்து நிமிர்ந்து, "இப்பத்தான் வீல்சேர்ல இறங்குனாங்க சக்தி, லிஃப்டுல" என்றார். "சிஸ்டர், கட்டில யாருக்கும் குடுக்காதீங்க. டாக்டரக் கூப்பிடுங்க. கூட்டிட்டு வாரேன்." சிஸ்டர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். எட்டு மாசத்துக்கு முன்னால் பெண்கள் வார்டில் இருபத்தொன்பதைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டவர் அவர்தான்.

மறுபடியும் படி. ஏறும்போது இருந்த பயம் இறங்கும்போது பெரிதாகிவிட்டது. செருப்பு ஒன்று முதல் மாடித் திருப்பத்தில் கழன்றது, விட்டுவிட்டாள். வாசலுக்கு வெளியே ஆட்டோ நின்றது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே ஏறி, இல்லை, ஏற்றி, கம்பியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பேச்சித்தாய் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, "வந்தியா, ஏறு. இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு" என்றாள். பிரம்மசக்தி அவர் கையைப் பிடித்தாள். மைனி சொன்னது சரிதான், பச்சைத்தண்ணி. ஈரமாக, பிசுபிசுவென்று, உள்ளே ஒருவரும் இல்லாத வீடு மாதிரி இருந்தது அந்தக் கை. நாடியைத் தேடினாள், விரலுக்குக் கீழே நூல் ஓடுகிற மாதிரி ஏதோ ஓடியது, பிறகு இல்லை, பிறகு ஓடியது. "என்னங்க." அவர் கண்ணைத் திறந்து யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "எறங்குங்க மைனி. இவங்க வீட்டுக்கு வரல்ல." "என்னட்டி சொல்லுத. காய்ச்ச விட்டுட்டுல்லா." "காய்ச்ச விடல மைனி. உடம்பு விடுது. நான் பாத்து வச்ச கணக்கு தப்பு. ரத்தம் எடுத்த கையில பவுடர் இருந்துச்சு, நான்தான் போட்டேன்." பேச்சித்தாய்க்கு இதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் பதினோரு வருஷத்தில் தம்பி பெண்டாட்டி தன் முகத்தைப் பார்த்துத் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பார்த்தாள். பிறகு ஆட்டோவுக்கு உள்ளே குனிந்து தம்பியின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, "நீ காலப் பிடி" என்றாள்.

மேலே போனபோது டாக்டர் ரெஹானா கட்டிலருகே நின்றார். ஜெசிந்தா சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்துச் சொன்னார், தொண்ணூறு, எழுபத்தாறு. இரண்டுக்கும் நடுவில் பதினான்கு. இருபதுக்குக் குறைந்தால் அதற்கு ஷாக் என்று பெயர், ரத்த ஓட்டம் தளர்ந்துபோகிற நிலை, அது அந்த அறையில் பேச்சித்தாயைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள், இரண்டு கையிலும் ஊசி ஏறியது, சலைன் சொட்டாக இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடியது. "டாக்டர், அந்த ஜிங்க்" என்று ஆரம்பித்தாள். "அப்புறம்" என்றார் அவர், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் சொல்ல வேண்டும். நோட்டில் நாற்பத்து நாலுக்கு நேரே குறுக்குக் கோடு போட்டுக் காரணம் எழுத வேண்டும், தன் பெயரையும் எழுத வேண்டும். எழுதுவாள், அது ஒரு விஷயமே இல்லை. பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆனது. முதல் பாட்டில் முடிந்து இரண்டாவது தொங்கியது. பேச்சித்தாய் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "நான்தான போட்டு அவசரப்படுத்துனேன்" என்றாள். "கையெழுத்து என்னோடது மைனி." பிரம்மசக்தி அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக, இறங்கு, இறங்கு என்று இந்த உடம்பின் சூட்டைத்தான் வேண்டிக்கொண்டாள், பிள்ளையாரிடம், பாராசிட்டமாலிடம், நனைத்த துண்டிடம். இப்போது அதே சூடு கொஞ்சம் திரும்பி வந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரல் ஜில்லென்று இருந்தது. குதிகால் ஜில்லென்று இருந்தது. இட்லிப் பொட்டலம் நினைவுக்கு வந்தது, இந்த முறை அதை விரட்டவில்லை, அந்த மனுஷனும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்றே காலுக்கு சிஸ்டர் மறுபடியும் பார்த்தார். நூற்று நாலு, எழுபது. டாக்டர் முதல் தடவையாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்துட்டிருக்கார். இன்னும் ஒருநாள் கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கணும்" என்றார். ஒருநாள். அதே ஒருநாள், காலையில் இவள் கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்ற ஒருநாள், திரும்பக் கிடைத்துவிட்டது. சரி டாக்டர் என்றாள் பிரம்மசக்தி. பாதத்தைப் பிடித்திருந்த கைக்குள் ஏதோ மாறியிருந்தது. உண்மையா, தன் கையின் சூடுதானா என்று கையை எடுத்துவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தாள், இந்த முறை இரண்டு தடவை பார்த்தாள். வெதுவெதுப்பு. சுடலைமணி உதட்டை நனைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார், சரியாக அவளைப் பார்த்தார். "அரிக்குது பிள்ள" என்றார். "முதுகுல அந்தப் பவுடரக் கொஞ்சம் போடேன்." பேச்சித்தாய் மடியிலிருந்த பையின் முடிச்சை அவிழ்க்கப் போனாள். பிரம்மசக்தி அவள் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள், எழுந்துபோய்க் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினாள், கழுவி முடித்து மறுபடியும் ஒரு தடவை கழுவினாள், வந்து உட்கார்ந்து அவர் முதுகுக்கு அடியில் வெறும் உள்ளங்கையை விட்டுத் தேய்த்துக்கொடுத்தாள்.